டயர் சூடாக்க வாங்கிய ஜெனரேட்டர்

வெள்ளி, இரவு.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டப் போகிறேன். டிராக்கில் இறங்குமுன், பிடிமானத்துக்காக டயரைச் சூடாக்கும் உறைக்கு அங்கே கரண்ட் வேண்டும். நாலு கடை ஏறி இறங்கி, பாதியில் நிற்காத ஜெனரேட்டராகப் பார்த்து வாங்கினேன்.

சாயங்காலம் எங்கள் காக்களூரில் கரண்ட் போனது. சோதித்துப் பார்க்கலாமென்று வாசலில் ஓட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தெருவே வயரோடு வந்துவிட்டது. கிரைண்டர், மிக்சி, டிவி எல்லாம் ஓடின. ஒருமுறைகூட நிற்கவில்லை.

"சூப்பர் மிஷினுப்பா. ஞாயித்துக்கெழம பேத்திக்குக் காதுகுத்து. மைக்செட்டுக்கு இதுவே போதும்" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். நான் வாய் திறப்பதற்குள், "எடுத்துக்கினு போங்க" என்றாள் என் மனைவி சுமதி.

"அப்ப என் டயரு?"

"சூடாவணும், அவ்ளோதான? நம்மூரு வெயில்ல கொஞ்ச நேரம் நிக்க வெச்சா பத்தாதா?"