திரைக்குள் கட்டிய குவார்ட்டர்ஸ்

இன்று காலை பேத்தி மிக்சியில் மருதாணி அரைத்தாள். மூடியைத் திறந்ததும் அந்தப் பச்சை வாசனை கூடம் வரைக்கும் வந்தது. உன் வீட்டுப் பின்பக்கம் நின்ற செடி ஞாபகம் வந்துவிட்டது. பெருநாளுக்கு முதல் நாள் அதை மொட்டையடித்து, அரைத்து, என் கைக்கும் சேர்த்து வைத்துவிடுவாயே. உடனே உன்னிடம் பேசவேண்டும் போல இருந்தது. போனில் கூப்பிட முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

நீ தெற்குச் சீமை, நான் கம்மாபுரம் பக்கம். உன் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நெய்வேலி மைன்ஸில் வேலை கிடைத்ததால்தான் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயும் ஆனோம். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். நீ மகனோடு சென்னைக்குப் போனாய். என் மகனுக்கும் இங்கேயே வேலை பெர்மனென்ட் ஆனதால் நான் வேறு பிளாக்கில் தங்கிவிட்டேன். உன் வீட்டுக்காரரும் காலமான பிறகு, மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பினால் அந்த உயரமான கட்டடத்தில் நீ தனி. "கதவைத் திறந்தா எதிர்க்கதவுதான் அக்கா இருக்கு. ஆளு இல்ல" என்று ஒருமுறை போனில் சொன்னாய். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நம் வரிசைப் பெண்கள் போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். அதில் தினமும் காலையில் பூப்படம் வரும், வெந்தயத் தண்ணீர் வைத்தியம் வரும். ஒருத்தியும் என்ன குழம்பு வைத்தாள் என்று சொல்லமாட்டாள்.

அப்போதுதான் என் பேத்தி அந்த விளையாட்டைக் காட்டினாள். ஒன்பதாவது படிக்கிறாள். திரையில் கட்டை கட்டையாக அடுக்கி ஊரே கட்டுகிறாள். வேறு ஊரில் இருப்பவர்களும் அவரவர் போனிலிருந்து உள்ளே வரலாமாம், பேசலாமாம். இடித்துப்போட்ட நம் பழைய வரிசையைக் கட்டித் தருவாயா என்று கேட்டேன். நான் சொல்லச் சொல்லக் கட்டினாள். குழாய் எந்தப் பக்கம், துணி துவைக்கிற கல் எங்கே, எல்லாம் கேட்டுக் கேட்டு வைத்தாள். பெருமையாகத்தான் சொல்கிறேன், எங்கள் வம்சத்தில் முதல் இன்ஜினியர் அவள்தான்.

சென்னையில் உன் போனிலும் அதை ஏற்றவைத்தாள். உனக்கு ஒரு பொம்மை, எனக்கு ஒரு பொம்மை. தலையில் முக்காடு போட்டால்தான் தெருவில் இறங்குவேன் என்றாய். அவள் மஞ்சள் துணியில் போட்டுக் கொடுத்தாள். நம் மீது உள்ள ஆசையில் உன் வீட்டுக்கு ஒரு மாடியும் எடுத்துவிட்டாள். நீ பதறிப்போனாய். "இது ஆபீசருங்க வூடு மாதிரி இருக்கு. எங்க வூட்டுக்காரர் கிரேடுக்கு இதெல்லாம் வராதும்மா. யாராச்சும் கேட்டா என்ன பதில் சொல்றது?" பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாகவே படவில்லை, நீ சொன்னது சரிதானே. மாடியை எடுத்த பிறகுதான் இருவரும் நிம்மதியாக வாசலில் உட்கார்ந்தோம்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் உன் பொம்மை சுவர் ஓரம் வந்து நிற்கும். காதில் உன் குரல். மருமகளின் சமையல், என் முழங்கால், உன் சர்க்கரை, எல்லாம் பேசினோம். பின்பக்கத்தில் மருதாணிச் செடியும் பேத்தி நட்டுக் கொடுத்தாள். "எல்லாம் இருக்கு அக்கா, வாசனைதான் இல்ல" என்றாய். இருந்தாலும் உன் குரல் பழையபடி ஏறியிருந்தது.

ஒரு நாள் யாரோ ஒருவன் தெருவுக்குள் வந்தான். அது எல்லோரும் நுழையக்கூடிய ஊராம், எனக்குத் தெரியாது. நானும் நெய்வேலிப் பிள்ளைதான் என்றான். டவுன்ஷிப்பில் இருந்தவர்கள் என்ன கேட்போமோ அதையே நீயும் கேட்டாய்: "எந்த பிளாக்?" அவன் நம் பிளாக் நம்பரையே சொன்னான். அவ்வளவுதான், அவன் நமக்குச் சொந்தக்காரன். தெருமுனையில் பேத்தி நம்பர் எழுதி வைத்த போர்டைப் படித்துவிட்டுத்தான் அவன் சொன்னான் என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை. நான் இல்லாத நாட்களிலும் அவன் வந்தான். மகன் வீடு எங்கே, எந்த நேரம் தனியாக இருப்பாய், எல்லாம் சொல்லியிருக்கிறாய். வீட்டுக் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோதுதான் உனக்கு மனசு திக்கென்று ஆகி மகனிடம் சொன்னாய். மகன் பயந்து போனான். பயப்படாமல் என்ன செய்வான்? போனைப் பிடுங்கிக்கொண்டான்.

தெருவில் என் பொம்மை மட்டும் நின்றது. உன் மருமகளின் போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்வாய், அந்த எதிர்க்கதவுக் குரலில். பேத்தி அழுதுகொண்டே அந்த ஊரைப் பூட்டினாள். இனி யார் யார் பெயரை அவள் எழுதிவைக்கிறாளோ அவர்கள்தான் நுழைய முடியும். அதை அவளிடம் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நானே உன் மகனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நீ பயந்தது நியாயம். கதவைத் தொறந்து போட்டுட்டோம், இப்ப பூட்டியாச்சு. ஆனா உங்கம்மாவ உள்ள வெச்சிப் பூட்டிடாதப்பா. அவ பேசிகினு இருந்தாத்தான் இருப்பா."

"சரிங்க பெரியம்மா" என்றான். மறுநாள் மஞ்சள் முக்காடு வந்து சுவர் ஓரம் நின்றது.

இந்த மழைக்காலத்தில் நீ போனாய். குரூப்பில் கும்பிட்ட கைகளும் அழுகிற முகங்களும் வந்துகொண்டே இருந்தன. உன்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள் எல்லாம் அனுப்பினார்கள். நான் எதையும் அனுப்பவில்லை. மகனோடு பஸ் ஏறி வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, செடி கொடிகளை ஒழுங்கு செய்யலாம் என்று பேத்தி என்னை உள்ளே கூட்டிப்போனாள். உன் கதவு திறந்தது. மஞ்சள் முக்காடு வெளியே வந்து என்னை நோக்கி நடந்தது. அந்தப் பொம்மைக்கு வயதும் இல்லை, சாவும் இல்லை. ஒரு நிமிஷம், நீதான் என்று நினைக்கவும் ஆசையாக இருந்தது.

"பெரியம்மா, நான்தான். அம்மா போனைத் திறந்தேன்" என்றது உன் மகனின் குரல்.

நான் சொன்னேன், "நீ அம்மா மாதிரி வராதப்பா. அவ போயிட்டா. நீ நீயா வா, நான் இங்கயே இருக்கேன்."

அவன் விளையாட்டை விட்டு வெளியே போனான். பேத்தி அவன் பெயரையும் எழுதிச் சேர்த்தாள். பேன்ட் சட்டை போட்ட ஒரு பொம்மை தட்டுத்தடுமாறி, சுவரில் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை படித்தவனுக்கு அதை நடத்தத் தெரியவில்லை. பேத்தி சொல்லிக் கொடுத்தாள். உன் அடுப்படியைக் காட்டச் சொன்னான், காட்டினேன். அங்கேயே வெகுநேரம் நின்றான்.

"ராத்திரி சாப்பிடும்போது அம்மா நீங்க பேசினது எல்லாத்தையும் சொல்லுவாங்க. உங்க முழங்கால் வலி, உங்க மருமக வைக்கிற சாம்பார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். இப்ப யாரும் எதுவும் பேசறது இல்ல பெரியம்மா. டிவி ஓடுது, சாப்பிடறோம்."

நான் இல்லாத உன் வீட்டிலும் இத்தனை நாள் என் பேச்சு நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உட்காரச் சொன்னேன். முழங்கால் இப்போது பரவாயில்லை என்றேன். நேற்று மருமகள் சாம்பாரில் புளியை அள்ளிப் போட்டதையும், அதை என் மகன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டதையும் சொன்னேன். அவன் சிரித்தான். உன்னிடம் சொல்ல வைத்திருந்தவை இன்னும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.