எழுபத்தொரு வயது வரை

முதலிபாளையம்,
2.11.2025

அன்புள்ள மோனிஷா கண்ணுக்கு,

உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று அவிநாசியப்பனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், அதற்கு மேல் நல்ல சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது அந்த ஒரு பெரிய போன்தான், அதில் எதை அனுப்பினாலும் அப்பா பார்த்துவிடுவார், பேசினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னோடு ரியாத்தில் வேலை பார்க்கும் கோமளா லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறார், அதற்கு முன்னால் இது உனக்கு வந்து சேர வேண்டும்.

இந்த வீட்டுக்கு லோன் வாங்கியபோது நீ ஐந்தாம் வகுப்பு படித்தாய், அப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருஷம் கட்டினால் அறுபது வயதோடு முடிந்துவிடும் என்று அன்றைக்குச் சொன்னதை அவர் அப்படியே மனதில் வைத்திருந்தார். போன மாதம்தான் கடைசித் தவணை என்று சட்டைத் துணி எடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, பத்திரத்தை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்க அந்த பைனான்ஸ் ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது என்றாள். வட்டி ஏறும்போதெல்லாம் தவணையைக் கூட்டாமல் வருஷத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்களாம். சாயப்பட்டறைகளை மூடி வேலை இல்லாமல் போனபோது நாம் விட்ட தவணை, கொரோனாவில் ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்று அவர்களே சொன்னது, எல்லாம் வட்டியோடு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. உன் நர்சிங் படிப்புக்கு அதன் மேலேயே வாங்கியதும் அதில் இருக்கிறது, அதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே, அதற்கு மேலேயே நீ அனுப்பிவிட்டாய். இதையெல்லாம் மெசேஜில் தெரிவித்தோமே என்றாள். இங்கிலீஷில் வந்ததையெல்லாம் விளம்பரம் என்று அப்பா அழித்திருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. "ஏனுங்க அம்மிணி, அப்ப எனக்கு எத்தனை வயசாகுமுங்க?" என்று மட்டும் கேட்டார். அவள் கணக்குப் பார்த்து, "எழுபத்தொண்ணுங்கய்யா" என்றாள். அவளும் பாவம், சின்னப் பெண், முகத்தைத் திரையை விட்டு எடுக்கவில்லை.

அந்தப் பெண்தான் உன்னைப் பற்றிக் கேட்டாள். வேலையில் இருக்கிற மகள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் இருபத்தைந்து வருஷத்துக்கு நீட்டித் தரலாம், தவணை கால்வாசி குறையும் என்றாள். அப்பா வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. உனக்கு இதுவும் தெரியாது, அமெரிக்கா வரி போட்டதிலிருந்து பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, அறுபது முடிந்தவர்களை ஆவணியிலேயே நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக மேசை முழுக்கத் துணியை அடுக்கி மெஷின் வைத்து வெட்டியவர், இப்போது தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் ஒரு சின்ன யூனிட்டில் பெண்களோடு உட்கார்ந்து பனியனில் பிசிர் வெட்டுகிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், நான் மீறிவிட்டேன். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. பனியன் செக்கிங்கில் நான் வாங்கும் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. வேண்டாம் என்று எழுந்து வந்தவர் மூன்றாம் நாள் தானே போய் அந்தக் கூட்டு மனுவை வாங்கி வந்தார். உன் சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். "அவகிட்ட நாஞ் சொல்லிக்கறேன், நீ நடுவுல பேசாதே" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். வெளியூர் ஆட்களை வேலைக்கு எடுத்துவிடும் குமாரசாமி நம் வீதியில் வீடு தேடிக்கொண்டிருந்தார், அவரிடம் நம் வீட்டை வாடகைக்குக் கொடுத்து அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். ஒடிசாவிலிருந்து வந்த பத்துப் பேர் கார்த்திகை முதல் தேதி வருகிறார்கள். அந்த வாடகை தவணைக்குக் கிட்டத்தட்டப் போதும். நாங்கள் எஸ்டேட் பின்னால் ஒரு லைன் வீட்டுக்குப் போகிறோம், ஒரு அறை, தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை. அப்பாவிடம் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அவங்க செவுத்துல ஆணியடிச்சாக்கூட இனி நாம ஒண்ணும் கேக்க முடியாது" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த மனுவை இன்னும் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். நீ கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷத்தில் நம் வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

கண்ணு, நீ போடாதே. உங்கள் ஆஸ்பத்திரியில் லோனுக்குச் சம்பள சர்டிபிகேட் எதுவும் தர மாட்டார்கள் என்று சொல்லிவிடு. பெற்ற தகப்பனிடம் பொய் சொல் என்று எழுதுகிறேன், அந்தப் பாவம் எனக்கு வரட்டும். இருபத்தைந்து வருஷம் என்றால் உனக்கு ஐம்பத்திரண்டு வயது, இப்போது என் வயதுக்கு இரண்டுதான் குறைவு, நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கூடுதலாகப் பணமும் அனுப்பாதே, அனுப்பினால் நான் எடுக்க மாட்டேன். எழுபத்தொன்று வரை அப்பா இருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன், பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். பாலக்காட்டுக்காரப் பையன் ஒருவன் உன்னோடு வேலை பார்க்கிறான், நல்ல மாதிரி என்று கோமளா சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு லோன் முடியட்டும், பிறகு கல்யாணம் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, அந்தப் பேச்சை இத்தோடு விடு. வீடு முடியும்போது உனக்கு முப்பத்தெட்டு. நீ அதற்காகக் காத்திருக்காதே. அங்கேயே பதிவு செய்துகொண்டாலும் சரி, எங்களுக்கு ஒரு போட்டோ போதும்.

வேலையில் நிற்கும்போது இடையில் கொஞ்சம் உட்கார், உனக்குக் கால் வீங்கும். மகமாயி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நீயும் உன் பிள்ளைகுட்டியும் தழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்கும்போது அழாதே, அழுதால் அவருக்குத் தெரிந்துவிடும். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்ரகலா முருகவேல்