சால்வை போர்த்திய கறிவேப்பிலை

இஞ்சருங்கோ,

உங்களோட கதைக்கிறேல்லை எண்ட முடிவில மாற்றமில்லை, அதாலதான் எழுதுறன். நான் ஷிப்டுக்குப் போறன். சோறும் மீன்குழம்பும் குசினி அடுப்பில இருக்கு.

பின்னேரம் வடக்கு லண்டன் எட்மண்டனில இருந்து என்ர தங்கச்சி வாறாள், இலையுதிர் காலத்துக்கு நான் அலங்கரிச்ச குசினியைப் பார்க்க. யன்னலடியில வச்ச குட்டிப் பூசணிக்காய்கள் எங்கே எண்டு கேட்டால் நீங்களே சொல்லுங்கோ: "என்ர கறிவேப்பிலைக் கண்டுக்குத் தோட்டத்தில குளிராம். அவ உள்ளுக்கு வந்திட்டா, பூசணிக்காயள் பாத்ரூமுக்குக் குடிபோயிட்டினம்."

கதிரையில வடிவா விரிச்சிருந்த செம்மஞ்சள் சால்வையும் இப்ப அந்தச் சீமாட்டியின்ர பூச்சட்டியைச் சுத்தியிருக்கு. நல்லது. இவ்வளவு வருசமா நானும் இந்த லண்டன் குளிரிலதான் நடுங்கிறன். எனக்கு ஒருநாள் போர்த்துவிட்டனீங்களோ?

பி.கு.: அவள் போனபிறகு வெளியில போறதெண்டால், கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டுப் போங்கோ. தங்கச்சியைக் கறிவேப்பிலை பிடுங்க விடவேண்டாம், ஒரு இணுக்கு இலை கேட்டுக் கொப்போட முறிப்பாள்.

இன்னொண்டு: கண்டு யன்னல் கண்ணாடியோட ஒட்டி நிண்டது. இரவில கண்ணாடி ஐஸ் மாதிரிக் குளிரும், இலை கருகிப்போகும். கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி, சால்வையையும் இறுக்கிக் கட்டியிருக்கிறன். உடன அன்பெண்டு நினைச்சிடாதேங்கோ. சால்வை என்ரை.