அப்பாவின் நரம்பு மாத்திரை

அண்ணனுக்கு,

அப்பாவின் வலி மாத்திரையை நீதான் திருடிக்கொண்டு போனாய்.

புற்றுநோய் அவர் முதுகு நரம்பை அழுத்துகிறது. வேட்டி உரசினாலே கால் எரிகிறது என்று அலறுகிறார். "மனநோய்க்கும் குடுக்கற மாத்திரதான், நரம்பு வலிக்கும் கேக்கும்" என்று நர்ஸ் சொன்னார். நீ முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாய். "பைத்திய மாத்திர வூட்ல கீதுன்னு தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்?" என்றாய்.

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா உள்ளே துண்டைக் கடித்தபடி கிடந்தார். அவர்கள் வண்டி கிளம்பியதும் கேட்டார்: "போய்ட்டாங்களாம்மா? இப்ப கத்தலாமா?"

அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்.

ஜமுனாமரத்தூர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தர மறுக்கிறார்கள். சீட்டும் உன்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் கண்டக்டர் அரை மணி நேரம் நிற்பார். மாத்திரையை அவர் கையில் கொடு.

உன் தங்கை