எபிசோடுக்கு நாலு இஞ்ச்

பிப்ரவரி 6
திகில் தொடர் ஒன்றின் இரண்டாம் சீசனுக்குத் தச்சு வேலை கிடைத்திருக்கிறது. பதினாறு வருஷமாக அப்பன் எங்கே போகிறான், வருகிறான் என்று கேட்டிராத என் மகள், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "நிஜமாவாப்பா? முதல் சீசன் நான் மூணு தடவை பார்த்திருக்கேன்." நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

மனைவி: "பாத்ரூம் லைட்டை அணைக்கப் பயப்படற மனுஷனுக்கு இந்த வேலை. பொருத்தம்தான்."

தொடரில் பேய் கிடையாதாம். பயம் எல்லாம் மனசுக்குள்ளேயாம். அப்படியென்றால் தச்சன் எதற்கு?

பிப்ரவரி 9
தெரிந்துவிட்டது. இயக்குநர் (யூனிட்டில் அவருக்குப் பெயர் மேதை, அவர் பக்கத்தில் இல்லாதபோது) தனியாகக் கூப்பிட்டார். கதாநாயகி ஒரே அறையில் அடைபட்டு, எட்டு எபிசோடில் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி தடுமாறுகிறாள். ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும் நான் ஜன்னல் பக்கச் சுவரை நாலு இஞ்ச் உள்ளே தள்ள வேண்டும். நடிக்கிற பெண்ணுக்குச் சொல்லக் கூடாது.

"ஏன் சார்?"

"தெரிஞ்சா நடிப்பாங்க. தெரியலைன்னா அனுபவிப்பாங்க."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருக்கிற கைத்திறன் உளி பிடிப்பதில் இல்லை.

பிப்ரவரி 20
முதல் தள்ளல். சுவர் என்பது பிளைவுட்தான், அடியில் எட்டுச் சக்கரம். தள்ளி, தரைப் பலகையை அறுத்து, விளிம்புக்குப் பட்டி அடித்து, பழைய கோடு தெரியாமல் சாயம் பூசினேன். இத்தனை சுத்தமாக நான் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாதாம். வீட்டில் அலமாரிக் கதவு இரண்டு வருஷமாக ஒரு கீலில் தொங்குகிறது.

மார்ச் 2
இரண்டாவது. மேதை முதுகில் தட்டினார். மகள் தன் தோழிகளிடம் "அந்த ரூமே எங்கப்பா பண்ணதுதான்" என்று சொல்லிவிட்டாளாம். ரகசியம் அவளுக்கே தெரியாது. தெரியாமலே இவ்வளவு மரியாதை.

மார்ச் 11
மூன்றாவது முடிந்தது. கதாநாயகிக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இந்த ரூம்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லைங்களே மேடம்."

"கட்டில்லேருந்து ஜன்னலுக்கு ஏழு தப்படி வச்சுப் போவேன். இப்போ ஆறுலயே முட்டுது."

"அசதியா இருக்கும். அசதியில எண்ணிக்கை தப்பும்ங்க."

வாய் கூசவில்லை. மேதை இந்த வேஷத்துக்கு என்னையே போட்டிருக்கலாம்.

மார்ச் 12
மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24
நான்கு தள்ளியாயிற்று. மேக்கப் அக்கா சொன்னாள்: அந்தப் பெண் இப்போது தன் வீட்டு அறையையும் நடந்து நடந்து எண்ணுகிறாளாம். தூங்கி ஒரு வாரம் ஆயிற்றாம். "கண்ணுக்குக் கீழ கருப்பு வரையற வேலை எனக்கு மிச்சம், தானா வந்திருக்கு." அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் புத்தி தடுமாறியதும் முன்பு இப்படித்தான் ஆரம்பித்ததாம். தனக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டியிருக்கிறாள்.

மேதையிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு..."

"பிரமாதமா வருது, இல்ல?"

"ஆமா சார்."

நான் எதற்குப் போனேன்?

மார்ச் 25
ஐந்தாவது. பன்னிரண்டடி அறை இப்போது பத்தடி நாலு இஞ்ச்.

மார்ச் 27
சாப்பிடும்போது வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகள், "செம ஐடியாப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க கேட்டப்போ நீ என்ன சொன்ன?"

"அசதின்னு."

அதற்கப்புறம் அவள் நிமிரவில்லை. மனைவிதான்: "கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளு நீங்க. உங்க புத்தியை நீங்களே சந்தேகப்படற மாதிரி நாங்க என்னிக்காவது விட்டிருக்கோமா?"



மார்ச் 28
சொல்லிட்டேன். முதல்ல வாய் வரல, அதான் நிஜம். வேலை, மேதை, மகளோட தோழிங்க — எல்லாத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்ட நின்னு விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டிருந்துச்சு. டேப்போட ஒரு முனையை அந்தச் சுவத்துல வச்சு, மறுமுனையை அது கையில குடுத்தேன்.

"அந்தக் கோடி வரைக்கும் இழுத்து நீங்களே படிங்க மேடம்."

"பத்தடி நாலு."

"முதல் நாள் பன்னண்டடி. நான்தான் தள்ளினேன். உங்க தலைக்கு ஒண்ணுமில்லைங்க."

அப்படியே தரையில உட்கார்ந்துடுச்சு. திட்டும்னு நின்னேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். "அப்போ நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" அப்படின்னுச்சு. அதையே நாலு தடவை சொல்லுச்சு. நான் வெளியில போய் ஆணிப்பெட்டியைத் தேடினேன். பெட்டி கையிலதான் இருந்துச்சு.

மார்ச் 30
படப்பிடிப்பு நின்றது. சுவர் பழைய இடத்துக்குப் போனால்தான் மீதி நடிப்பேன் என்றுவிட்டாள். யார் சொன்னது என்று மேதை கத்தினார். "நானே அளந்தேன்" என்றாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். தலையாட்டும் வித்தை அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது.

"டேப் என்னுது சார்."

"சுவத்தைத் தள்ளிட்டு, அப்படியே நீயும் தள்ளிப் போ."

வேலை போனதை வீட்டில் சொன்னேன். மகள் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தாள்.

ஏப்ரல் 1
ஐந்து வாரம் உள்ளே தள்ளியதை ஒரே காலையில் வெளியே இழுத்தேன். அந்தப் பெண் வந்தாள். விளக்கு மாற்றக் கால் மணி ஆகும் என்றார்கள். கட்டிலில் சாய்ந்தாள். கால் மணி, ஒரு மணி ஆயிற்று. நல்ல குறட்டை, அவள் உடம்புக்கு அது ரொம்ப அதிகம். மேதை கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். மேக்கப் அக்கா பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தார். அத்தனை பேரும் சைகையில் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் கிளம்ப வேண்டும். பெட்டியைத் தூக்கினால் சுத்தியலும் உளிகளும் ஒன்றோடொன்று மோதி ஊரைக் கூட்டும். சட்டையைக் கழற்றி நடுவில் திணித்து, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில் வெளியே வந்தேன்.

பனியனோடுதான் பஸ் ஏறினேன்.