நீக்கிய பிறகும் உள்ளே வந்தவன்

என்னோடு சண்டை போட்டே வளர்ந்த முருகேசன் அண்ணனுக்கு,

விதுரா தாண்டி மலையேறும் வழியில் நீ பைக்கோடு விழுந்து எட்டு மாதம் ஆகிறது. பழவங்காடி வீட்டில் உன் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. ஓட்டுவது நான்தான். கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் கம்பெனியில் உன்னைப் போலவே சர்வர் மெஷின்களைக் கவனிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்து, நீ விட்டுப்போன மெயில் நிரலைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆபீஸுக்கு எழுதியதைவிட, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊருக்கு எழுதிக் கொடுத்ததில்தான் உனக்குப் பெருமை அதிகம். இன்று எந்தெந்த நாட்டு அலுவலகங்களிலோ அது ஓடுகிறது. அவர்கள் யாருக்கும் நீ செத்தது தெரியாது. சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள். நான் உன் பேரிலேயே பதில் போடுகிறேன். தப்புதான். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லவும் மனசில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்றால் மற்றவர்கள் ஏதாவது பொய்ப்பேர் வைப்பார்கள். நீ உன் பேரையே வைத்தாய், அவ்வளவு திமிர்! நிரலில் கை வைக்கும்போதெல்லாம் அந்தச் சோதனையை ஓட்ட வேண்டும். உன் பேரில் மெயில் கணக்கு திறந்து நுழைந்ததும் 'முருகேசன் வந்தாச்சு' என்று திரையில் விழும். கணக்கை நீக்கியதும் 'முருகேசன் போயாச்சு'. இங்கிலீஷ் எழுத்தில் நீ எழுதிய தமிழ். வெளிநாட்டுக்காரர்கள் அர்த்தம் தெரியாமலே வைத்திருக்கிறார்கள். நான் வாய்விட்டு வாசிப்பேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

போன மாதம் ஒரு பெண் எழுதியிருந்தாள். அவள் ஆபீஸில் வேலையிலிருந்து நீக்கிய ஒருவன், கணக்கை அழித்த பிறகும் உள்ளே வந்து அவள் கடிதங்களைப் படிக்கிறானாம். நீக்கிய ஆள் மறுபடி நுழைய முடிகிறதா என்று பார்க்க, உன் சோதனையின் கடைசியில் ஒரு வரி சேர்த்து ஓட்டினேன்.

முருகேசன் போயாச்சு. அதற்குக் கீழே, முருகேசன் வந்தாச்சு.

கோளாறு உன்னுடையதுதான். வேகத்துக்காக, ஒருமுறை உள்ளே வந்தவரை மறுபடி யாரென்று கேட்காமல் விட்டிருக்கிறாய். காரணம் தெரிந்தும் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அம்மா.

"வந்தானோ?"

"இது மெஷின் தப்பும்மா. சரிபண்ணணும்."

"வேண்டாம் மக்ளே. வந்தவன இருக்க விடு. உனக்கு எந்தா சேதம்?"

மூன்று வாரம் நான் அதைத் தொடவில்லை. தினமும் ஓட்டினேன், தினமும் போய்விட்டுத் திரும்பி வந்தாய். ஒருநாள் அம்மா உன் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். நானும் அந்த நாற்காலியில் உட்காராமல் தள்ளி உட்கார ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

அந்தப் பெண் மறுபடி எழுதினாள், உன் பேர் சொல்லி. அவள் கடிதங்களைப் படித்தே அவள் வீடு எங்கே என்று அவன் கண்டுபிடித்துவிட்டானாம். நீயாக இருந்தால் முதல் கடிதம் வந்த அன்றே சோறு தின்னாமல் உட்கார்ந்து முடித்திருப்பாய். எனக்கு வெட்கமாக இருந்தது அண்ணா. உன்னை இங்கே பிடித்து வைப்பதற்காக அவளைப் பயத்தில் விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் திருத்திவிட்டேன். போயாச்சு என்று விழுந்தது. அப்புறம் திரையில் எதுவும் வரவில்லை. திருத்திய நிரலை எல்லோருக்கும் அனுப்பினேன். நீ இறந்துவிட்டாய் என்றும் எழுதி, கீழே என் பேரைப் போட்டேன்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் போனானா மக்ளே?"

ஆமாம் என்றேன்.

உன் நிரலையும் அம்மாவையும் நான் பார்த்துக்கொள்வேன். யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், இனி நீ வர வேண்டாம் அண்ணா.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி