ஒட்டி வைத்த கார்

மதினி,

நேற்று உங்கள் மகள் தன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய கார் விளையாட்டை இறக்கியிருந்தாள். கறுப்புத் திரை. இரு பக்கமும் வெள்ளைக் கம்பங்கள் மட்டும் வளைந்து வளைந்து வந்தன. "அத்தை, காரையே காணோம். இதுல எதை ஓட்ட?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எளிதில் சிரிக்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

விருதுநகர் பொருட்காட்சியில் இதே விளையாட்டு ஆள் உயரப் பெட்டிக்குள், ஸ்டியரிங்கோடு நின்றது. நான் அப்போது பள்ளியில் படித்தேன். நீங்கள் வெடிக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். வேலைக்கு மொபெட்டில் போக வேண்டும் என்று கல்யாணமானதிலிருந்து கேட்டீர்கள்; அண்ணன் சாவியைத் தருவதாக இல்லை.

அன்று அவர் நாலு முறை முட்டிவிட்டு எழுந்தார். "நீ முட்டாம ஓட்டிரு, சாவியத் தாரேன்" என்று சிரித்தார்.

"பேச்சு மாறக் கூடாது" என்று உட்கார்ந்தீர்கள். முதலில் திரையிலிருந்த காரின் ஓரத்தை நகத்தால் தடவினீர்கள். "தாயி, இந்தக் காரு லேபிளு. கண்ணாடி மேல ஒட்டியிருக்காக. அதுவும் கோணலா. ஒங்கண்ணன் இதையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஓடுறது கம்பந்தான்."

பின்னால் நின்ற பையன்கள், "அக்கா, எடம் விடுங்க" என்று முனகினார்கள்.

"இருங்கலே. என் சாவி இதுக்குள்ள இருக்கு."

நேரம் முடியும்வரை ஒரு கம்பத்தையும் தொடவில்லை நீங்கள். அண்ணன் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கால எந்திரத்துக்குச் சாலையை வரைய வலு போதாது, அதனால்தான் கம்பங்களை மட்டும் ஓடவிட்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். நான் படித்துத்தான் நம்பினேன். உங்களுக்கு நகம் போதுமாயிருந்தது.

இரண்டு வாரத்தில் சூலக்கரை வரை என்னைப் பின்னால் வைத்து மொபெட் ஓட்டினீர்கள். நான் எட்டி எட்டி முன்சக்கரத்தைப் பார்த்தேன். "அங்கன என்ன கெடக்கு? ரோட்டப் பாரு" என்றீர்கள். இன்று கார் ஓட்டும்போதும், வளைவு வந்தால் அதுதான் காதில் விழுகிறது.

நேற்று ஒரு பட்டாசு லேபிளிலிருந்து மயிலை வெட்டித் திரையில் ஒட்டினேன். கோணலாகத்தான் வந்தது. உங்கள் மகள் முதல் வளைவிலேயே முட்டினாள். "மயிலப் பாக்காத, கம்பத்தப் பாரு" என்று சொல்லி, அவளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், "போதும் அத்தை, எந்திரிங்க" என்றாள்.

"இருடி" என்றேன். "என் சாவி இதுக்குள்ள இருக்கு."